காற்றை இறக்கினால் மணல் தாங்கும்

ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள சிம்ப்சன் பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள், உழுத வயலின் சால்களைப் போல ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன. குறுக்கே போகிறவர் ஒவ்வொன்றையும் ஏறி இறங்கியே ஆக வேண்டும். கிழக்குக் கோடியில், பேர்ட்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் 'பிக் ரெட்' என்ற மணல்மேடு சுமார் 40 மீட்டர் உயரம். கூடாரம், தண்ணீர், டீசல் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் வருகிறவர்கள் இங்கே முதலில் செய்வது, டயர் காற்றைப் பாதியாக இறக்குவதுதான்.

வண்டியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. ஒரு சக்கரத்தின் மேல் 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரின் காற்றழுத்தம் 36 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. ஆக, டயர் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய 300 சதுர சென்டிமீட்டர். 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது 600 ஆகிறது. ரப்பரின் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான்.

இந்தத் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது. நன்மை அதில்தான் இருக்கிறது. விறைப்பான டயர் மணலில் புதைந்து, தனக்கு முன்னால் ஒரு சிறு குவியலைத் தள்ளிக்கொண்டு, அதன் மேல் ஓயாமல் ஏறப் பார்க்கிறது. தளர்ந்த டயரோ புல்டோசரின் சங்கிலிப் பட்டை மாதிரி மணலை மெல்ல அமுக்கி, அதன் மேலேயே உருள்கிறது. 1936-ல் டெட் கோல்சன் என்பவர் இந்தப் பாலைவனத்தைக் கடந்தது ஒட்டகங்களோடு. ஒட்டகத்தின் பாதமும் இதைத்தான் செய்கிறது: மிதிக்கும்போது மெத்தை போல விரிந்து எடையைப் பரப்புகிறது.

சரி, பின்னால் டிரெய்லர் இருந்தால்? அதன் சக்கரங்களுக்கு இன்ஜின் விசை கிடையாது. மணலின் தடையை மட்டும் கூட்டும். தளர்ந்த மணலில் உருளும் தடை தார்ச்சாலையில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். போதாததற்கு, 20 டிகிரி சரிவில் 1,000 கிலோ டிரெய்லர் தன் எடையாலேயே சுமார் 340 கிலோ விசையில் கீழே இழுக்கும். இத்தனையையும் முன்னால் போகும் நான்கு டயர்களின் பிடிப்புதான் ஈடுகட்ட வேண்டும். அதனால் டிரெய்லர் டயரிலும் காற்றை இறக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியும் ஏறாதபோது வேகத்தைக் கூட்டிப் பாய்கிறார்கள். சக்கரங்கள் துள்ளித் துள்ளிச் சரிவில் குழிகளைப் பறிக்கின்றன. அடுத்து வருபவருக்குப் பாதையே கெடுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பாலைவனத்துக்கு டிரெய்லரைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது. உலர்ந்த மணல் துகள்களைப் பிணைப்பது உராய்வு மட்டுமே. சுழலும் சக்கரம் அவற்றை வாரி வீசி, வண்டியின் அடிப்பாகம் தரையில் உட்காரும்வரை தோண்டிவிடும். மண்வாரியால் டயர்களுக்கு முன்னாலும் பின்னாலும் மணலை அள்ளிவிட்டு, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பதுதான் வழி. அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும்.

கெட்டித் தரைக்கு வந்ததும் கம்ப்ரஸரை எடுத்துக் காற்றை ஏற்றிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகும். வேகமாக ஓட்டினால் அந்தச் சூட்டிலேயே கிழிந்துவிடும்.