தேர்தல் கல்லூரி: கோணத்திலா, அமெரிக்காவிலா?

2020 நவம்பர் முதல் வாரம். நாகர்கோவில் பார்வதிபுரத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஓட்டுப் போட்டு மூன்று நாளாகியும் யார் அடுத்த அதிபர் என்று தெரியவில்லை. செய்தி வாசித்தவர், ‘தேர்தல் கல்லூரி வாக்குகளில் பைடன் முன்னிலை’ என்றார். வாழைக்குலை இறக்க வந்த அண்ணாச்சி ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “எந்தக் காலேஜ்ல எண்ணுதாவ?” என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவும் கூடாது. நம் குமரி மாவட்டத்தில் தேர்தலையும் கல்லூரியையும் சேர்த்துச் சொன்னால் கோணம் என்ற ஊர்தான் நினைவுக்கு வரும். ஓட்டு மெஷின்கள் பூட்டி வைக்கப்பட்டு, போலீஸ் காவல் நின்று, எண்ணும் நாளில் கட்சிக்காரர்கள் வாசலில் வெயிலில் காய்வது அங்குள்ள அரசுக் கல்லூரி வளாகத்தில்தான். அண்ணாச்சி தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். செய்தியைத் தமிழாக்கியவருக்குத்தான் தமிழ் புரியவில்லை. அமெரிக்காவில் மக்கள் ஓட்டுப் போட்டு மாநிலவாரியாக 538 பேரை எடுக்கிறார்கள், அவர்கள் போடும் ஓட்டில்தான் அதிபர் வருகிறார். அந்த 538 பேருக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘எலெக்டோரல் காலேஜ்’ என்று பெயர், அதைத்தான் ‘தேர்தல் கல்லூரி’ ஆக்கிவிட்டார்கள். 2024இலும் அதே ‘கல்லூரி’ திரும்பி வந்தது. இனியும் பொறுப்பதற்கில்லை என்று இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலேஜ் என்பது லத்தீனில் ‘கொலேகியும்’. ஒரே பொறுப்பில் இருக்கும் ஆட்களின் கூட்டம் என்று பொருள். உடன் வேலை பார்ப்பவரை ஆங்கிலத்தில் ‘கலீக்’ என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். படிக்கும் இடம் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. நம் கல்லூரி அப்படியில்லை. அது ‘கல்’ என்ற வினையிலிருந்து வந்தது. சீவக சிந்தாமணியிலேயே கலைகள் கற்கும் இடமாக வந்திருக்கிறது. கற்பது இல்லாத இடத்தைக் கல்லூரி என்று சொல்ல வழியே இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியில்கூட இந்தக் ‘காலேஜ்’ கிடையாது. ‘எலெக்டர்’ மட்டும்தான் உண்டு. 1845இல்தான் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றில் அது ஏறியது.

சரி, கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மாரின் அமைப்புக்கும் ஆங்கிலத்தில் காலேஜ் என்றுதான் பெயர். கோட்டாறு மறைமாவட்டத்திலோ குழித்துறை மறைமாவட்டத்திலோ எந்தப் பங்குச்சாமியாரும் ‘கர்தினால் கல்லூரி’ என்று பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. கர்தினால்மார் அவை என்பார்கள், இல்லையென்றால் கர்தினால்மார் கூடுகிறார்கள் என்று முடித்துவிடுவார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் சொல் சரியாக வருகிறது. உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் நீதிபதிகள் குழு விஷயத்தில் பத்திரிகைகள் ‘கொலீஜியம்’ என்று அப்படியே விட்டுவிட்டன. அது சோம்பேறித்தனம், ஆனால் பொய் இல்லை.

இதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பேசினேன். அவர் ‘கல்லூரி’ என்ற சொல்லின் பக்கம். “சார், நாலு பேர் ஒரு காரியத்துக்காகக் கூடுற இடத்தைக் கல்லூரின்னு விரிச்சுப் பொருள் கொள்ளலாமே” என்றார். கூடினால்தானே? அந்த 538 பேரும் ஒரு நாளும் ஓரிடத்தில் கூடுவதில்லை. டிசம்பரில் அவரவர் மாநிலத் தலைநகரில் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கட்டடம் இல்லை, வகுப்பு இல்லை, முதல்வர் இல்லை. சீட்டுகள் வாஷிங்டனுக்குப் போய் ஜனவரி 6ஆம் தேதி எண்ணப்படுகின்றன. 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது ஏன் என்று இந்தக் கடைசிப் படி தெரியாதவருக்கு விளங்காது. ‘தேர்தல் கல்லூரி’ என்று கேட்டவர் ஏதோ மாணவர் போராட்டம் என்று நினைத்திருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

அப்புறம் ‘வாக்காளர் குழு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு இது நல்ல தமிழ். ஆனால் கல்லூரியைவிட இதுதான் ஆபத்து. கல்லூரியைக் கேட்டால் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வியாவது எழும், இதைக் கேட்டால் ஒன்றும் தோன்றாது. வாக்காளர் என்றால் நீங்களும் நானும். வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்பவர். அமெரிக்கத் தேர்தலில் அடிபிடி நடப்பதே அந்த வாக்காளருக்கும் இந்த 538 பேருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் அந்த இடைவெளியே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். குமரி மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். விளவங்கோட்டில் ஒருவர் ஜெயிக்கலாம், குளச்சலில் வேறொருவர் ஜெயிக்கலாம். அப்படி இல்லாமல், மாவட்டம் முழுக்க ஓட்டைக் கூட்டி, ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினவருக்கு ஆறு சீட்டும் என்று வைத்தால் எப்படி இருக்கும்? மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா அமெரிக்க மாநிலத்திலும் அதுதான் நடைமுறை. 2000இல் புளோரிடாவில் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இருந்த வித்தியாசம் 537 ஓட்டு. நாடு முழுக்கக் கோருக்கு 5 லட்சத்துக்கும் மேல் கூடுதல். மறு எண்ணிக்கை, வழக்கு, வாசலில் பதாகைகள் என்று ஒரு மாதத்துக்கு மேல் இழுத்து, டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. 271க்கு 266 என்று புஷ் அதிபரானார். 2016இல் ஹிலாரிக்குக் கூடுதல் 28 லட்சம், ஜெயித்தது டிரம்ப். மறுநாளே ‘இவர் என் அதிபர் இல்லை’ என்று பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். அன்றைக்கு எங்கள் டீக்கடையில் எழுந்த கேள்வி: “கூட ஓட்டு வாங்குனவன் எப்பிடிடே தோப்பான்?” 

‘வாக்காளர் குழுவில் தோற்றார்’ என்று பதில் சொல்லிப் பாருங்கள். வாக்காளர்கள்தானே அவருக்குக் கூடப் போட்டார்கள்!

2020இன் கணக்கு இன்னும் மெல்லிய நூல். நாடு முழுக்கப் பைடனுக்கு 70 லட்சத்துக்கு மேல் கூடுதல். ஆனால் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் அவருக்கு இருந்த முன்னிலையைக் கூட்டினால் 43 ஆயிரம்கூட வராது. அந்த மூன்றும் கைமாறியிருந்தால் 269க்கு 269. ஒரு ஊரில் ‘ஓட்டை எண்ணு’ என்றும், இன்னொரு ஊரில் ‘எண்ணுவதை நிறுத்து’ என்றும் ஒரே வாரத்தில் கூச்சல் கேட்டது இதனால்தான்.

‘தேர்வாளர் குழு’ என்போரும் உண்டு. கிரிக்கெட் அணியில் யாருக்கு இடம் என்று முடிவு செய்கிறவர்தான் தேர்வாளர். கொஞ்சம் சுருக்கித் தேர்வர் என்றால் டிஎன்பிஎஸ்சி எழுதுகிற பிள்ளைகள். ‘தேர்தல் குழு’ என்பது கட்சி ஆபீஸில் நோட்டீஸ் பிரிக்கும் ஆட்கள். எல்லாமே வேறு யாரோ குடியிருக்கும் வீடு.

என் கை ‘தெரிவாளர்’ பக்கம் போகிறது. அவர்கள் கூட்டத்துக்குத் ‘தெரிவாளர் குழாம்’. தெரிதல் என்றால் ஆராய்ந்து எடுத்தல். ஒரு பொறுப்புக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய அதிகாரத்துக்குத் ‘தெரிந்துதெளிதல்’ என்றுதான் வள்ளுவர் பெயர் வைத்தார். இலங்கைத் தமிழில் ‘தெரிவு செய்யப்பட்டார்’ இன்றும் அன்றாடப் பேச்சு. நம் ஊர் சபைகளில் ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’ என்ற சொல்லை ஞாயிறுதோறும் கேட்கிறோம். முக்கியமாக, இதில் ஆள் இருக்கிறார். 538 என்பது மார்க் இல்லை, அத்தனை மனிதர்கள். 2016இல் அவர்களில் 7 பேர் தங்கள் கட்சி வேட்பாளருக்குப் போடாமல் வேறு பெயர்களை எழுதினார்கள். மார்க் அப்படி மனசு மாறுமா?

மனசு என்றதும் 1969 நினைவு வருகிறது. நம் குடியரசுத் தலைவரையும் இப்படி ஒரு தெரிவாளர் குழாம்தான் எடுக்கிறது, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அதில் உறுப்பினர்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. குமரியின் ஆறு பேருக்கும் சேர்த்து 1,056. 1969 ஆகஸ்டில் வி.வி. கிரிக்கும் சஞ்சீவ ரெட்டிக்கும் நடந்த போட்டியில் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டையும் எண்ணித்தான் 4,20,077க்கு 4,05,427 என்று கிரி ஜெயித்தார். அப்போது நாகர்கோவில் எம்.பி. காமராஜர். அந்த ஆண்டு ஜனவரியில்தான் இடைத்தேர்தலில் அவரை இங்கிருந்து அனுப்பியிருந்தோம். காங்கிரஸில் அவர் தரப்பு நிறுத்திய ஆள்தான் தோற்ற ரெட்டி. என் பாட்டா அந்தத் தேர்தலைக் கடைசி வரை ‘மனச்சாட்சி ஓட்டு’ என்றே சொல்வார். கட்சி நிறுத்திய ஆளைப் பார்க்காமல் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று பிரதமர் இந்திரா காந்தி சொன்னதன் தமிழ் அது. நாலாம் வகுப்பு படித்தவருக்கு டெல்லி அரசியலே அந்த ஒரு சொல்லில் விளங்கியது.

அப்படிச் சொல்லாக்கியவர்கள் இருந்த பத்திரிகை உலகில்தான் இப்போது மக்கள் வாக்கைப் ‘பிரபலமான வாக்கு’ என்றும், பதவி முடியப்போகும் அதிபரை ‘நொண்டி வாத்து’ என்றும் எழுதுகிறார்கள். வாத்து எதற்கு வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்பதை எடுத்து வைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

தெரிவாளர் குழாம் என்று முடிவு செய்த தெம்பில் போன வாரம் டீக்கடையில் அதைச் சொல்லிப் பார்த்தேன். அதே வாழைக்குலை அண்ணாச்சி இருந்தார். அமெரிக்காவில் அதிபரைத் தெரிவாளர் குழாம்தான் எடுக்கும் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “எந்தக் கொளம்? சுசீந்திரம் பக்கமா?” என்றார்.

குழு என்றே வைத்துக்கொள்ளலாம். தெரிவாளர் குழு.