நிறைவு இலச்சினை: சொல் விளக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று முடிந்து, பணியாற்றியோர் பெயர்கள் ஓடி மறைந்ததும், அதைத் தயாரித்த நிறுவனத்தின் சின்னம் சில நொடிகள் ஒலியோடு தோன்றி மறையும். இதனைக் ‘குளோசிங் லோகோ’ என்பர். தயாரிப்பாளர் ஒருவரின் சொந்த நிறுவனத்துக்கு உரியதாயின் ‘வேனிட்டி கார்டு’ என்னும் பெயரும் உண்டு.

‘லோகோ’ என்பது, சொல்லைக் குறிக்கும் கிரேக்க ‘லோகோஸ்’ வழி வந்தது. ஒரு சொல் முழுவதையும் ஒரே அச்சாக வார்த்த ‘லோகோடைப்’ என்னும் அச்சகச் சொல்லோடு உறவுடையது. ‘கார்டு’, எழுத்துகளை அட்டையில் தீட்டிப் படம்பிடித்த பழைய திரைப்பட வழக்கத்தின் எச்சம்; தமிழ்த் திரையுலகம் இன்றும் சொல்லும் ‘டைட்டில் கார்டு’ என்பதிலும் இருப்பது அந்த அட்டையே. ‘வேனிட்டி’யோ, வெறுமை எனப் பொருள்படும் லத்தீன் வேரில் பிறந்து தற்பெருமையைக் குறிக்கலாயிற்று. ஆனால் வண்டி உரிமையாளர் தாம் விரும்பிய எழுத்துகளைக் கேட்டுப் பெறும் எண்பலகையையும் அமெரிக்கர் ‘வேனிட்டி பிளேட்’ என்பதால், தன் பெயரைத் தன் விருப்பப்படி காட்டிக்கொள்வது என்ற அளவிலேயே இங்கு அதைக் கொள்ள வேண்டும். ‘தற்பெருமை அட்டை’ என்று மொழிபெயர்ப்பது, படைப்பாளி இடும் கையொப்பத்தைப் பழிப்பதாகிவிடும்.

அது கையொப்பமே என்பதற்கு, நடிகை மேரி டைலர் மூரும் அவர் கணவர் கிராண்ட் டிங்கரும் 1969-இல் தொடங்கிய எம்டிஎம் நிறுவனத்தின் சின்னம் நல்ல சான்று. எம்ஜிஎம் திரைப்பட நிறுவனத்தின் சிங்கம் கர்ச்சிக்கும் இடத்தில், இங்கே மிம்ஸி என்ற பூனைக்குட்டி ‘மியாவ்’ என்றது. காவல் நிலையத் தொடரான ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ முடிவில் அது காவலர் தொப்பி அணிந்து வந்தது. மருத்துவமனைத் தொடரான ‘செயின்ட் எல்ஸ்வேர்’ முடிவில் அறுவை மருத்துவரின் முகக்கவசத்தோடு வந்தது. 1988-இல் ஒளிபரப்பான அத்தொடரின் இறுதிப் பகுதியிலோ, பெயர்கள் ஓடும்போதெல்லாம் பூனை மருத்துவக் கருவிகளோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்க, முடிவில் அதன் இதயத்துடிப்புக் கோடு நேர்கோடாகிவிட்டது. சின்னமே கதையின் கடைசிக் காட்சியாக மாறிய அரிய தருணம் இது. 1997 முதல், தொலைக்காட்சித் தொடர்த் தயாரிப்பாளர் சக் லோரி, பகுதிதோறும் புதிதாக எழுதிய குறிப்பொன்றைத் தம் அட்டையில் இட்டு வருகிறார்; கணப்பொழுதே தோன்றும் அதைப் படிக்க, நேயர்கள் தாம் பதிவு செய்த காட்சியை ஓடவிட்டு அந்த இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

தமிழில் என்ன சொல்வது? காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர், பண்டங்களின்மேல் சோழரின் புலிச் சின்னத்தை இட்டு வெளியே விட்டதை, ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ என்கிறது பட்டினப்பாலை. அவ்வழியில் ‘பொறி’ மிகப் பொருத்தமான பழஞ்சொல்லே. எனினும் இன்று அது இயந்திரத்தையும் தீப்பொறியையும் எலிப்பொறியையுமே நினைவூட்டுகிறது. முத்திரை என்னும் பொருளுடைய ‘இலச்சினை’, அரசு இலச்சினை என்ற வழக்கால் எல்லோர்க்கும் தெரிந்தது. ஆகவே குளோசிங் லோகோவை ‘நிறைவு இலச்சினை’ என்றும், வேனிட்டி கார்டைத் ‘தன்பெயர் அட்டை’ என்றும் வழங்கலாம். அலைவரிசை தன்னை அறிவிக்க இடையிடையே காட்டும் சின்னம் வேறு; அதை ‘அலைவரிசை இலச்சினை’ எனப் பிரித்துச் சொல்வதே முறை.