ஆறு மணி நேர உலோகம்

காலை பத்து மணிக்கு வரச் சொன்னவர் மாலை நான்கு மணிக்கு வந்து நின்றால், அவருக்கென்று எடுத்து வைத்த மருந்தில் சரிபாதி காணாமல் போயிருக்கும். யாரும் எடுக்கவில்லை, கீழே சிந்தவும் இல்லை. மூடிய சிரிஞ்சுக்குள், ஈயக் கூட்டுக்குள், அதுபாட்டுக்குக் கரைந்துபோயிருக்கும். அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். ஸ்கேனுக்காக ஊசியில் போடும் டெக்னீசியம்-99எம் என்ற அந்தக் கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம்.

ஆனால் ஸ்கேனுக்கு வருகிறவர்களின் பயமோ நேர் எதிரானது. "இந்தக் கதிர்வீச்சு எத்தனை வருஷம் உடம்புல தங்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தங்காது என்பதுதான் எங்கள் தலைவலியே.

டெக்னீசியம் தனிம அட்டவணையில் 43-ஆம் இடத்தில் இருக்கிறது. அந்த இடம் வெகுகாலம் காலியாகக் கிடந்தது. தனிம அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அதில் மாங்கனீசுக்குக் கீழே கட்டத்தை விட்டுவைத்தார். அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பலர் அறிவித்தும் எதுவும் நிலைக்கவில்லை. தேடியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு தனிமத்தின் அணுக்களுக்கு வெவ்வேறு எடையில் வடிவங்கள் உண்டு, அவற்றை ஐசோடோப் என்பார்கள். இதற்குச் சிதையாமல் நிற்கும் ஐசோடோப் ஒன்றுகூடக் கிடையாது. பூமி உருவானபோது இருந்ததெல்லாம் எப்போதோ சிதைந்துவிட்டது. யுரேனியத் தாதுவில் மிகமிகச் சொற்பமாகப் புதிதாக உண்டாவதோடு சரி. கடைசியில் 1937-இல் இத்தாலியின் பலெர்மோவில் எமிலியோ செக்ரேவும் கார்லோ பெரியேவும் இதை அடையாளம் கண்டார்கள். அமெரிக்காவில் இயற்பியலாளர் லாரன்ஸின் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கிக்குள் துகள்களிடம் அடிவாங்கிக் கிடந்த ஒரு மாலிப்டினத் தகட்டிலிருந்து அது கிடைத்தது. செயற்கையாகச் செய்த முதல் தனிமம் என்பதால், ‘செயற்கையானது’ என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். 1952-இல் வானியலாளர் பால் மெரில் சில செந்நிற விண்மீன்களின் ஒளியில் இதே தனிமத்தின் தடத்தைப் பார்த்தார். விண்மீனின் வயதோடு ஒப்பிட்டால் டெக்னீசியத்தின் ஆயுள் கொஞ்சம்தான். அப்படியானால் அது அங்கேயே சமைந்திருக்க வேண்டும். தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாகின்றன என்பதற்கு அது நேரடிச் சான்றானது.

உலோகமாகப் பார்த்தால் வெள்ளி கலந்த சாம்பல் நிறம், 2,100 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். அதன் உப்பைத் தண்ணீரில் துளி கலந்தாலே இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும்; கதிரியக்கம் இருப்பதால் அந்தக் குணத்தை வெளியில் பயன்படுத்த வழியில்லை. நான் இத்தனை வருடம் இதோடு புழங்கியும் அந்த உலோகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த டெக்னீசியம், தண்ணீர் மாதிரி நிறமில்லாத ஒரு திரவம். பெரியவர்களுக்கான எலும்பு ஸ்கேனில் வழக்கமாகப் போடும் 740 மெகாபெக்கரல் (பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது, மெகா என்றால் அதில் பத்து லட்சம்) ஊசியில் இருக்கும் டெக்னீசியம்-99எம், கிராமில் நூறு கோடியில் நான்கு பங்குதான்.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிற பொருளைத் தொழிற்சாலையில் செய்து அனுப்ப முடியாது, வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால் பாலை அனுப்பாமல் மாட்டையே அனுப்புகிறார்கள். மாடு என்பது எங்கள் வழக்கு; முறையான பெயர் ஜெனரேட்டர். அணு உலையில் யுரேனியம் பிளக்கும்போது உண்டாகும் மாலிப்டினம்-99-ஐ அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூள் நிரப்பிய சிறு குழலில் ஒட்டவைத்து, சுற்றிலும் கனமான கவசம் போட்டு அனுப்புவார்கள். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறிக்கொண்டிருக்கும். காலையில் குழலின் ஒரு பக்கம் சலைன் என்ற உப்புநீரும் மறுபக்கம் வெற்றிடக் குப்பியும் பொருத்தினால் டெக்னீசியம் மட்டும் கழுவிக்கொண்டு வந்துவிடும், மாலிப்டினம் அலுமினாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதைத்தான் கறப்பது என்கிறோம். மறுநாள் காலைக்குள் மறுபடி மடி நிறையும். ஆனால் ஒரு வாரத்தில் மாடு வற்றி ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். எந்த நோயாளிக்கு எந்த நாள் என்பதை முடிவு செய்வதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. கறந்ததில் மாலிப்டினம் நழுவி வந்திருக்கிறதா என்று சோதிக்காமல் எந்த ஊசியும் போவதில்லை.

இந்த மாலிப்டினம் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பழைய உலைகளிலிருந்துதான் வருகிறது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி ஓராண்டுக்கு மேல் நின்றது. அதற்கிடையில் 2010-இல் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பராமரிப்புக்கு நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. எங்கோ ஓர் உலையில் கசிவு ஏற்பட்டால் இங்கே ஒருவரின் இதயப் பரிசோதனை நிற்கும்.

சரி, ஊசிக்கு வருவோம். டெக்னீசியத்துக்குத் தானாக எலும்பையோ இதயத்தையோ தேடிப் போகத் தெரியாது. பாஸ்பேட் வகை மருந்தோடு சேர்த்தால் எலும்புக்குப் போகும், செஸ்டமிபி என்ற மருந்தோடு சேர்த்தால் இதயத் தசைக்கு. சிறுநீரகம், நுரையீரல், பித்தப்பை ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை மருந்து உண்டு. தைராய்டு ஒரு விதிவிலக்கு. கறந்த திரவத்தை அப்படியே கொடுத்தாலும், அயோடின் என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் வெளியே வரும். உடம்பைத் தாண்டி வரப் போதுமான வலு, கேமராவில் சிக்கும் அளவுக்கு மிதமும் கூட.

அந்த கேமராவைப் பார்த்துத்தான் பலர் மிரளுகிறார்கள். காமா கேமரா எந்தக் கதிரையும் உங்கள்மேல் பாய்ச்சுவதில்லை, உங்களிடமிருந்து வருவதை வாங்கிக்கொள்ள மட்டுமே தெரியும். "இன்னொரு படம் எடுக்க வேண்டும்" என்று சொன்னால் பதற வேண்டாம். எத்தனை படம் எடுத்தாலும் கதிர் அளவு ஊசியில் போட்டதுதான். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள்; எலும்பு ஸ்கேனில் அது சுமார் 4 மில்லிசீவர்ட். மண், காற்று, விண்வெளி இவற்றிலிருந்து ஒரு மனிதர் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வாங்குகிறார்.

ஒரு பெரியவர் என்னை மடக்கியிருக்கிறார். "பயமில்லைன்னு சொல்றீங்க தம்பி, அப்புறம் ஏன் ஊசியைப் போட்டுட்டு நீங்க சுவத்துக்குப் பின்னால போறீங்க?" நியாயமான கேள்வி. அவருக்கு இது ஒருமுறை, அதில் அவருக்குப் பலன் இருக்கிறது. நான் தினமும் பலருக்குப் போடுகிறேன், எனக்கு அதில் ஒரு பலனும் இல்லை. அதனால் ஒதுங்கி நிற்கிறேன் என்றேன். தலையாட்டினார், முழுக்க நம்பினாரா தெரியவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி, இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களிடமிருந்து வரும்: டெக்னீசியம்-99எம் சிதைந்தபின் டெக்னீசியம்-99 ஆகிறது, அதன் அரை ஆயுள் இரண்டு லட்சம் வருடத்துக்கு மேல் ஆயிற்றே? உண்மைதான். ஆனால் அவ்வளவு நீண்ட ஆயுள் என்றால் அவ்வளவு மெதுவாகச் சிதைகிறது என்று அர்த்தம். 740 மெகாபெக்கரல் முழுவதும் அப்படி மாறினாலும் மிஞ்சுவது 2, 3 பெக்கரல். அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். நம் உடம்பில் பிறந்ததிலிருந்து இருக்கும் பொட்டாசியம்-40 மட்டுமே ஏறத்தாழ 4,000 பெக்கரல். டன் கணக்கில் சேரும் அணு உலைக் கழிவில் அதே டெக்னீசியம்-99 பெரிய தொல்லை, நிலத்தடி நீரில் எளிதாக நகர்ந்துவிடும். அந்தக் கவலையையும் ஊசியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாலூட்டுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். எந்த மருந்து என்பதைப் பொறுத்துப் பாலூட்டாமல் விட வேண்டிய இடைவெளி மாறும். எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழித்துவிடுங்கள். உடையில் ஒரு சொட்டுப் பட்டால்கூடச் சொல்லுங்கள். இடுப்பருகே படத்தில் தெரிந்த ஒரு கரும்புள்ளியைப் பார்த்து நாங்கள் பதறி, உடையை மாற்றச் சொல்லி மறுபடி எடுத்தபோது அது காணாமல் போன நாட்கள் உண்டு. ஊசி போட்ட அன்றைக்குக் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். மறுநாளுக்குள் பதினாறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் இரண்டு மூன்று நாளுக்குள் விமானப் பயணம் இருந்தால் எங்களிடம் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையக் கருவிகள் அந்த மிச்சத்தைக்கூட மோப்பம் பிடித்துவிடும்.

அப்புறம், வர முடியாது என்றால் முதல் நாளே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அன்று கறப்பதை வேறொருவருக்குக் கொடுத்துக்கொள்வோம்.