பிஸ்டன்: உலக்கையா, தண்டா?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய உள்ளெரி எஞ்சினை வீட்டுப் பட்டறையிலேயே செய்து ஓட்டிப் பார்க்க விரும்பும் ஒருவருக்குத் தமிழில் செய்முறைக் குறிப்பு எழுத உட்கார்ந்தால், முதல் பக்கத்திலேயே காலை இடறும் சொல் பிஸ்டன். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரரும், தோட்டத்து ஸ்டோரில் இயந்திரங்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்றவரும், புல்வெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவரும் பிஸ்டன் என்றுதான் சொல்கிறார்கள். அதில் யாருக்கும் குழப்பமில்லை. எழுத்துத் தமிழுக்கு வரும்போதுதான் உந்துதண்டு, ஆடுதண்டு, முசலம் என்று மூன்று சொற்கள் முன்னால் வந்து நிற்கின்றன.

பொருளை முதலில் சொல்லிவிடலாம். உருளைக்குள் இடைவெளி தெரியாதபடி பொருந்தி, மேலும் கீழும் ஓடுகிற, ஒரு பக்கம் மூடிய குவளை போன்ற உலோகத் துண்டே பிஸ்டன். அதன் தலைக்கு மேலே எரிபொருளும் காற்றும் கலந்து எரிந்து விரிவடையும்போது அது கீழே தள்ளப்படுகிறது; அதன் வயிற்றுக்குள் ஒரு முளையால் கோக்கப்பட்ட இணைப்புத்தண்டு அந்தத் தள்ளலை வணரித்தண்டுக்கு (கிராங்க் ஷாஃப்ட்) கொண்டுபோய்ச் சுழற்சியாக மாற்றுகிறது. உருளை என்ற சொல்லில் எந்தச் சிக்கலும் இல்லை. சிலிண்டர் என்பதன் கிரேக்க மூலமும் உருள்வதைக் குறிக்கும் வினையிலிருந்தே வந்ததால், இரு மொழிகளும் சொல்லி வைத்தாற்போல ஒரே வழியில் போயிருக்கின்றன. வளைவைக் குறிக்கும் வணர் என்ற பழஞ்சொல்லிலிருந்து எடுத்த வணரியும், என் கணிப்பில், மிக நல்ல ஆக்கம்.

பிஸ்டனின் வேர் உரலடியில் இருக்கிறது. இடித்தல், நொறுக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து இத்தாலியில் பெரிய உலக்கையைக் குறிக்கும் சொல் பிறந்து, அது பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் பிஸ்டனாக நுழைந்தது. குழவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், வடிவ ஒற்றுமையால் பூவின் சூலகத்துக்கு வழங்கும் ஆங்கிலப் பெயரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தப் பெயர் ஏற்பட்ட காலத்தில் மனிதர்கள் கண்டிருந்தது எஞ்சினை அல்ல, நீரிறைக்கும் பம்பை. பம்பில் நீண்ட தண்டும் அதன் நுனியில் உள்ள வட்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும். மேலிருந்து கையோ வேறு விசையோ அதைக் குத்தும். பார்ப்பவருக்கு அது உரலில் விழும் உலக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1712-இல் நியூகோமன் நிறுவிய நீராவி எஞ்சினில்கூட பிஸ்டனின் விளிம்பில் தோலைச் சுற்றி, மேலே நீரை நிறுத்தித்தான் இடைவெளியை அடைக்க வேண்டியிருந்தது.

நம் மலாய்த் தீபகற்பத்திலும் இதே உவமை தனியாக முளைத்திருக்கிறது. பல் போன முதியவர்கள் பாக்கை இடித்துக்கொள்ளும் குழாய் வடிவச் சிற்றுரலை மலாய்க்காரர்கள் கோபெக் என்பார்கள். அதே வடிவத்தில், ஒரு முனை அடைத்த குழாய்க்குள் நுனியில் நூல் சுற்றிய தண்டைச் செருகி, உள்ளங்கையால் ஓங்கி அடித்துச் சட்டென்று வெளியே இழுத்தால், தண்டின் நுனிக் குழியில் வைத்த பஞ்சு கனன்றிருக்கும்; அந்தக் கருவிக்குப் பெயர் கோபெக் ஆப்பி, அதாவது நெருப்புப் பாக்குரல். காற்றை ஒரே மூச்சில் அழுத்தினால் அது பஞ்சைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறும் என்பதே அதன் சூட்சுமம். 1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினும், மாதிரி எஞ்சின் செய்கிறவர்கள் விரும்பும் பொறிச்செருகி (ஸ்பார்க் பிளக்) இல்லாத சிறிய டீசல் எஞ்சினும் அதே சூட்சுமத்தில்தான் ஓடுகின்றன. பின்னதற்கு ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் வேண்டும். பள்ளிப் பாடநூல் மலாயில் பிஸ்டனுக்கு ஓம்போ என்ற சொல் இருக்கிறது, ஆனால் பட்டறை மலாயிலும் பிஸ்டன்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உந்துதண்டு வழங்குகிறது. பம்புக்கும் மருந்தேற்றும் ஊசிக் குழாய்க்கும் அது பழுதில்லாத சொல், ஏனென்றால் அங்கே கையால் உந்தப்படுவது உண்மையிலேயே ஒரு தண்டு. மாதிரி எஞ்சினைத் திறந்து பார்த்தாலோ பிஸ்டன் என்ற பகுதியில் தண்டு எதுவும் இல்லை. அதோடு, வால்வுகள் தலையில் அமைந்த நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில், நெம்புருளிலிருந்து (கேம்) வால்வு நெம்புகோல் வரை போகும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. உந்துதண்டு என்ற பெயருக்கு நேர் உரிமை அந்தக் கம்பிக்கே உண்டு. இணைப்புத்தண்டு, வணரித்தண்டு, நெம்புருள்தண்டு ஆகியவற்றோடு பிஸ்டனையும் தண்டாக்கிவிட்டால், ‘தண்டை 12 மில்லிமீட்டருக்குக் கடைந்துகொள்க’ என்ற வரியைப் படிப்பவர் எந்த இரும்பை எடுத்து லேத்தில் மாட்டுவார்?

செய்முறையைக் கிட்டத்தில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 10 முதல் 12 மில்லிமீட்டர் துளையுள்ள சிறு டீசல் எஞ்சினுக்கு வார்ப்பிரும்பில் பிஸ்டனைச் சற்றுப் பெரிதாகவே கடைந்துகொண்டு, பிறகு பித்தளை வளையத்தில் நுண்ணிய தேய்ப்புப் பசையைத் தடவி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி மட்டும் எஞ்சும்வரை பொறுமையாகத் தேய்த்து எடுக்க வேண்டும். உருளையின் துளைக்குத் தனித் தேய்ப்பான் உண்டு. பிஸ்டனையே உருளைக்குள் விட்டுப் பசையோடு தேய்ப்பது குறுக்குவழி, அது இரண்டின் வடிவத்தையும் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் உருளையின் மேல்வாயைக் கட்டைவிரலால் இறுக மூடி, எண்ணெய் தடவிய பிஸ்டனைக் கீழிருந்து உள்ளே தள்ளிக் கையை எடுத்தால், அடைபட்ட காற்று அதை வில் போலத் திருப்பித் தள்ள வேண்டும். ‘புஸ்’ என்ற ஓசையோடு அங்கேயே நின்றுவிட்டால் இன்னொரு வார்ப்பிரும்புத் துண்டைத் தேட வேண்டியதுதான்.

உலக்கை என்றே எழுதினால் வேர்ப்பொருள் அப்படியே கிடைக்கும். ஆனால் நம்மவர் மனத்தில் உடனே எழுவது பூண் கட்டிய நெடிய மரமே தவிர, உருளையில் கச்சிதமாகப் பொருந்திய குவளை அல்ல. இலங்கைத் தமிழர் பாடநூல்களில் ஆளும் முசலம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. அது உலக்கையைக் குறிக்கும் வடசொல்தான்; அன்றாடப் பேச்சில் இல்லாததால் சமையற்கட்டோடு மோதாமலும், தண்டுகளோடு கலக்காமலும் தனித்து நிற்கிறது. தனித்தமிழை விரும்பும் நண்பர்கள் முகம் சுளிக்கலாம். என்றாலும், பட்டறைப் பேச்சில் பிஸ்டன், எஞ்சினைப் பற்றிய எழுத்தில் முசலம், பம்புக்கு உந்துதண்டு என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தத் தேர்வுக்கு வலுவான சான்று அதே சிறு டீசல் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. அதன் உருளையின் உச்சியில், முதல் பிஸ்டனுக்கு எதிர்முகமாக இன்னொரு பிஸ்டன் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். மேலே உள்ள திருகைத் திருப்பி அதைச் சிறிது இறக்கினால் அழுத்தம் கூடும், திருகைத் தளர்த்தினால் உள்ளழுத்தமே அதை மேலே தள்ள அழுத்தம் குறையும். எஞ்சின் ஓடும்போது அது அசையாது, எதையும் உந்தாது, தண்டாகவும் இல்லை. அதை எதிர் உந்துதண்டு என்றோ எதிர் ஆடுதண்டு என்றோ எழுதினால் பெயரின் எந்தப் பகுதியும் பொருளோடு ஒட்டாது. எதிர்முசலம் என்றால் ஒட்டும்.