பல்லை எண்ணினால் போதாது, வேரைப் பார்க்க வேண்டும்

ஏழு வயதுப் பிள்ளையின் வாயிலும் 24 பல் இருக்கும். பதினோரு வயதுப் பிள்ளையின் வாயிலும் 24 பல்தான். பல்லை எண்ணி வயது சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

கணக்கு இப்படிப் போகிறது. இரண்டரை வயதையொட்டிப் பால் பற்கள் இருபதும் வந்துவிடும். ஆறு வயதுவாக்கில், அவற்றுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முதல் பின்கடைவாய்ப்பல் மேலும் கீழும் இருபுறமும் முளைக்கும். மொத்தம் 24. அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுவரை ஒன்று விழுவதும் அந்த இடத்தில் இன்னொன்று முளைப்பதுமாகவே ஓடும். விழுந்த இடம் காலியாக இருக்கும் நாட்களை விட்டால் எண்ணிக்கை கூடாது, குறையாது. 12-13 வயதில் இரண்டாம் பின்கடைவாய்ப்பல் வந்தால் 28. ஞானப்பல் 17-இலிருந்து 25-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வராமலே போனாலும் வியப்பில்லை.

அதனால் வாயைத் திறந்து பார்க்கும் மருத்துவர் முதலில் கவனிப்பது, எது பால் பல், எது நிலைப்பல் என்பதைத்தான். பால் பல் சிறியது, வெளேரென்று இருக்கும், கழுத்துப் பகுதி ஒடுங்கியிருக்கும். நிலைப்பல் சற்று மஞ்சள் படிந்தது. புதிதாக முளைத்த வெட்டுப்பல்லின் விளிம்பில் மூன்று சிறு மேடுகள் தெரியும். கடித்துக் கடித்துச் சில வருடங்களில் அவை தேய்ந்துவிடும். அடிக்கடி குழப்புவது பால் பற்களின் கடைசிக் கடைவாய்ப்பல். அது முதல் பின்கடைவாய்ப்பல்லைப் போலவே இருக்கும். பெற்றோரில் பலர் ஆறு வயதில் வரும் பல்லையும் பால் பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தாலும் ‘எப்படியும் விழப்போகிறது’ என்று விட்டுவிடுவதும் இதனால்தான். நடுக்கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் குழப்பம் தீரும்: ஐந்தாவது இடம்வரை பால் பல்லாக இருக்கலாம், ஆறாவது கட்டாயம் நிலைப்பல்.

முளைக்கும் வரிசையும் ஓரளவு உதவும். கீழ் நடு வெட்டுப்பல் 6-7 வயதில், பக்க வெட்டுப்பல் 7-8-இல், கீழ்க் கோரைப்பல் 9-10-இல், முன்கடைவாய்ப்பற்கள் 10-12-இல், மேல் கோரைப்பல் 11-12-இல். ஆனால் முளைப்பதை ஈறும் எலும்பும் இடநெருக்கடியும் சேர்ந்து கெடுக்கும். சொத்தையான பால் கடைவாய்ப்பல்லை ரொம்ப முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் அந்த இடத்தை எலும்பு மூடிக்கொள்ளும், அடியிலிருக்கும் பல் தாமதமாக வரும். விழ வேண்டிய காலத்தை ஒட்டிப் பிடுங்கினாலோ அது சீக்கிரம் எட்டிப் பார்த்துவிடும். தைராய்டு குறைபாடு இருந்தால் எல்லாமே பிந்தும். இத்தனைக்கும் மேல், பல் ஈறைக் கிழித்து வருவது ஒரே ஒரு நிகழ்வு. அது முடிந்த பிறகு அந்தப் பல் வெளியே வேறு எதையும் சொல்லாது.

தாடைக்குள் நடப்பது வேறு. பல் மேலிருந்து கீழாகக் கட்டப்படுகிறது. முதலில் மேல்முகடுகள், பிறகு முழுத் தலைப்பகுதி, பிறகு வேர், கடைசியாக வேர் நுனி குறுகி மூடுவது. முளைத்த பிறகும் வேர் நுனி மூட ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். முதல் பின்கடைவாய்ப்பல் பிறப்பையொட்டிச் சுண்ணமாக, அதாவது தாது படிந்து கெட்டியாக, தொடங்கி 9-10 வயதில் வேரை முடிக்கிறது. இரண்டாவது, இரண்டரை மூன்று வயதில் தொடங்கி 14-16-இல் முடிக்கிறது. பதினாறு வயதுவரை எந்த நாளில் பார்த்தாலும் ஏதோ ஒரு பல்லில் கட்டட வேலை நடந்துகொண்டே இருக்கும். பட்டினியும் நோயும் எலும்பு வளர்ச்சியைத் தள்ளிப்போடும் அளவுக்கு இந்த வேலையைத் தள்ளிப்போடுவதில்லை. பல்லை நம்புவதற்கு அதுவே காரணம்.

இதைப் பார்க்க ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே வேண்டும். இரு தாடைகளையும் ஒரே படத்தில் எடுக்கும் கருவி தலையைச் சுற்றி வரப் பதினைந்து நொடி போலாகும். அதற்குள் பிள்ளை அசைந்தால் வேர் நுனிகள் மங்கிப்போகும். மங்கிய நுனி மூடியதுபோலத் தெரியும், வயது கூடிவிடும். தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அவற்றின் நிழல் எதிர்ப்பக்கப் பற்கள்மேல் விழும். கழுத்தைக் குறுக்கி நின்றால் முதுகெலும்பின் நிழல் முன்பற்களை மறைக்கும். கதிர்வீச்சு குறைவுதான், சில நாட்களில் இயற்கையாக நம்மேல் படும் அளவு. ஆனாலும் படம் கெட்டு இரண்டாவது தடவை எடுப்பது சரியல்ல. கீழ்த்தாடைப் பற்களையே படிப்பார்கள். மேல்தாடையில் கன்னக் காற்றறையின் நிழல் வேர்களோடு கலந்துவிடும்.

உலகெங்கும் அதிகம் பயன்படுவது 1973-இல் டெமிர்ஜியன், கோல்ட்ஸ்டைன், டானர் மூவரும் வெளியிட்ட முறை. இடது கீழ்த்தாடையில் ஏழு பற்கள். ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் எச் வரை எட்டு நிலைகள். இரண்டாம் பின்கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். தலைப்பகுதி கழுத்துவரை முடிந்து வேர் முளைவிட்டிருந்தால் டி. வேர்கள் பிரியும் இடத்தில் பிறைபோல ஒரு புள்ளி சுண்ணமாகி, வேர் இன்னும் தலைப்பகுதியைவிடக் குட்டையாக இருந்தால் ஈ. வேர் நீளம் தலைப்பகுதியின் உயரத்தை எட்டி, நுனி புனல்போல விரிந்திருந்தால் எஃப். வேர்க்குழாயின் சுவர்கள் இணையாக ஓடி நுனி மட்டும் கொஞ்சம் திறந்திருந்தால் ஜி. நுனி மூடி, வேரைச் சுற்றியுள்ள கருங்கோடு ஒரே அகலத்தில் ஓடினால் எச். இரண்டு நிலைகளுக்கு நடுவே தயங்கினால் குறைந்ததையே எழுத வேண்டும்.

நிலைக்கு ஏற்ற மதிப்பெண் உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே. பையனின் இந்தப் பல்லுக்கு டி என்றால் 10.1, ஈ 12.5, எஃப் 13.2, ஜி 13.6, எச் 15.4. எஃப்-இலிருந்து ஜி-க்கு வெறும் 0.4, ஜி-இலிருந்து எச்-க்கு 1.8. கடைசிப் படியில் பார்வை தவறினால் கணக்கு எவ்வளவு ஆடும் என்பது இதிலேயே தெரிகிறது. ஏழு பல்லின் மதிப்பெண்களைக் கூட்டி, 100-க்கு எவ்வளவு என்று பார்த்து, அட்டவணையில் வயதைப் படிக்க வேண்டும்.

அந்த அட்டவணை பிரெஞ்சு-கனடியப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. வேறு ஊர்களில், இந்தியாவிலும் பல இடங்களில், அது உண்மை வயதைவிடக் கூட்டியே சொல்கிறது. பெல்ஜியத்தில் வில்லெம்ஸ் குழுவினர் 2001-இல் மதிப்பெண்களைத் திருத்தி, கூட்டினாலே நேராக வயது வரும்படி செய்தார்கள். 2011-இல் ஆஷித் ஆச்சார்யா ஞானப்பல்லையும் சேர்த்து எட்டுப் பற்களுக்கு இந்தியச் சூத்திரம் வெளியிட்டார். எந்த அட்டவணையை வைத்துக் கணித்தோம் என்று எழுதாத அறிக்கையை நம்பத் தேவையில்லை.

பதினாறோடு இந்த ஏழு பற்களும் ஓய்ந்துவிடுகின்றன. எல்லாம் எச், மதிப்பெண் 100. வந்திருப்பவர் பதினேழா இருபத்தேழா என்று தெரியாது. சட்டத்துக்கோ பதினெட்டுதான் முக்கியம். மிச்சமிருப்பது ஞானப்பல் ஒன்றே, பற்களிலேயே ஒழுங்கில்லாதது. உலக அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. இருந்தாலும் முளைக்காமல் எலும்புக்குள் சாய்ந்து கிடக்கலாம். ஆனால் புதைந்த பல்லிலும் வேர் வளர்வதால் படத்தில் படிக்க முடியும். மற்றப் பற்களில் முந்தும் பெண்பிள்ளைகள் இதில் மட்டும் பையன்களுக்குப் பிந்துவார்கள்.

இத்தாலியின் கமெரியேரே குழு 2008-இல் இதற்கு ஓர் அளவு கொடுத்தது. வேர் நுனிகளின் உள்வாய் அகலத்தைக் கூட்டி, பல்லின் நீளத்தால் வகுக்க வேண்டும். இரண்டு வேர் நுனிகள் 1.1 மி.மீ., 0.9 மி.மீ., பல்லின் நீளம் 18 மி.மீ. என்றால் 2.0 ÷ 18 = 0.11. விடை 0.08-க்குக் கீழே இருந்தால் பதினெட்டு நிறைந்தவர் என்று கொள்வார்கள். இந்தப் பிள்ளை நிறையாதவர். விகிதம் என்பதால் எக்ஸ்-ரே படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாலும் பெரும்பாலும் பாதிப்பில்லை. நுனி மூடியிருந்தால் விடை பூஜ்யம். பூஜ்யம் வந்த பதினேழு வயதினரும் உண்டு.

அறிக்கைகளில் என்னை உறுத்தும் இன்னொன்று, ‘எச் நிலையின் சராசரி வயது’ என்ற எண். எச் என்பது முடிந்துபோன நிலை. ஐம்பது வயதிலும் அது எச்தான். ஆய்வு 22 வயதோடு நின்றால் ஒரு சராசரி வரும், 30 வரை போனால் வேறொன்று வரும். அந்த எண்ணுக்குப் பல்லோடு சம்பந்தமில்லை. கேட்க வேண்டியது, எச் வந்தவர்களில் பதினெட்டு நிறையாதவர்கள் எத்தனை பேர் என்பதே.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94-ஆம் பிரிவில், முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே மருத்துவச் சோதனை என்று வரிசை வைத்திருக்கிறது. உத்தரவிட்ட 15 நாளுக்குள் சோதனையை முடிக்க வேண்டும். எக்ஸ்-ரே வைத்துச் சொல்லும் வயது இருபுறமும் இரண்டு வருடம் பிசகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே குறிப்பிட்டது. ஆகவே ‘வயது 18’ என்று ஒற்றை எண் எழுதிய அறிக்கை பல்லில் இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறது. ‘17-க்கு மேல், 19-க்குக் கீழ்’ என்பதுகூடப் பல சமயம் துணிச்சலான கூற்றுதான்.

ஞானப்பல்லே இல்லாதவருக்கு மணிக்கட்டு எக்ஸ்-ரே எடுப்பார்கள். அங்கேயும் எலும்பு நுனிகள் எல்லாம் வளர்ச்சி முடிந்து எலும்புத் தண்டோடு இணைந்திருந்தால், காறை எலும்பின் நெஞ்சுப்பக்க முனையை சி.டி. ஸ்கேனில் பார்ப்பார்கள். உடலில் கடைசியாக இணையும் எலும்பு நுனிகளில் ஒன்று அது. முழுதாக இணைய இருபது வயதைத் தாண்டும். ஆனால் ஸ்கேனின் கதிர்வீச்சு ஓ.பி.ஜி.யைப் போலப் பல மடங்கு என்பதால், மற்றவற்றில் விடை கிடைத்த ஒருவரை அதற்கு அனுப்புவதில்லை.