கரன்ட் பில் பூஜ்யம் என்றால் பசுமை வீடா?

போன வாரம் காட்பாடியிலிருந்து ஒரு பிளான் வந்தது. 1,800 சதுர அடி, மேலே சோலார், இரட்டைக் கண்ணாடி ஜன்னல். “கரன்ட் பில்லே வராது சார், முழுப் பசுமை வீடு” என்றார் வீட்டுக்காரர். இதே பேச்சை இந்த வருஷம் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! எஸ்டிமேட்டைப் பிரிக்கச் சொன்னேன்.

சதுர அடிக்கு 0.4 மூட்டை வீதம் 720 மூட்டை சிமென்ட். ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட், மூட்டை ஒன்றைத் தயாரிக்க ஏறக்குறைய 45 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக 32 டன். கம்பி சதுர அடிக்கு 4 கிலோ, மொத்தம் 7.2 டன். கிலோவுக்கு 2 கிலோ வாயு என்று குறைத்தே வைத்தாலும் இன்னொரு 14 டன். மாதம் 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு, யூனிட்டுக்கு 0.7 கிலோ வீதம், வருஷத்துக்கு இரண்டரை டன்தான். கிட்டத்தட்ட 18 வருஷக் கரன்டுக்கு உண்டான வாயு, பால் காய்ச்சும் முன்பே போய்விட்டது. செங்கல், டைல்ஸ், அலுமினியம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

“சோலார் ஈடுகட்டிவிடும்” என்பார்கள். சோலார் இனி வரப்போவதைக் குறைக்கும். சூளையில் போனதைத் திருப்பிக் கொண்டுவராது. சிமென்ட் ஆலையே சோலாருக்கு மாறினாலும் தீராது, ஏனென்றால் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருப்பதே வாயுவாக வெளியேறுகிறது. சிமென்ட் கணக்கில் பாதிக்கு மேல் அதுதான்.

அதனால் வீடு பேப்பரில் இருக்கும்போதே சிமென்ட், கம்பி, கல் அளவைக் கேட்டு வாங்குங்கள். பூமி பூஜைக்கு அப்புறம் வந்து கேட்டால் என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கணக்கைப் பார்த்த காட்பாடிக்காரர், எப்போதாவது வரும் விருந்தாளிக்காக மாடியில் போட்டிருந்த 300 சதுர அடி அறையைப் பென்சிலால் அடித்தார். 120 மூட்டை மிச்சம்!

உள் அறைகளை அகலமாக இழுக்காதீர்கள், பீமும் தளமும் கனத்துக்கொண்டே போகும். செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் சுவர் எழுப்பினால் செங்கல் கால்வாசி குறையும். அது தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். பூச்சு வேலைக்கு 53 கிரேடு ஓபிசி எதற்கு? சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் தாராளமாகப் போதும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பிபிசிக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும். வேலூர் வெயிலில் மேலே போட்ட ஈரச் சாக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஏழாம் நாள் “போதும் சார்” என்று மேஸ்திரி சொன்னால் தலையாட்டாதீர்கள், நீங்களே ஹோஸைப் பிடியுங்கள்.