மிச்ச ஒயரில் எதை வைப்பது, எதை எடைக்குப் போடுவது?

வீட்டு வயரிங் வேலை முடிந்து நாங்கள் கிளம்பும்போது ஒரு சாக்கு மிச்சம் இருக்கும். துண்டு ஒயர், கழற்றிய சுவிட்ச், ஹோல்டர், கிளாம்ப் எல்லாம் கலந்து கிடக்கும். "இருக்கட்டுங்க, எதுக்காவது ஆகும்" என்று வீட்டுக்காரர் அதைப் பரணில் ஏற்றிவிடுவார். எதற்கு ஆனது என்பது அடுத்த முறை ரிப்பேருக்குப் போகும்போது தெரியும். மூன்று துண்டுகளை முறுக்கி, டேப் சுற்றி, மோட்டாருக்கு லைன் இழுத்திருப்பார்கள். முறுக்கு தளர்ந்த இடத்தில் சூடேறி, டேப் கருகியிருக்கும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். நடுவில் ஜாயின்ட் போடாமல் ஒரு வேலைக்கு முழுசாக எட்டுகிற நீளம் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் எடைக்குப் போடுங்கள்.

நீளம் இருந்தாலும் ஒயரின் மேல் அச்சடித்திருப்பது படிக்க முடிய வேண்டும். ஒன்றரை எம்.எம். (சதுர மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குப் பரப்பளவு) என்று தெரிந்தால் லைட்டுக்கு ஆகும். அதையே இரண்டரை என்று நினைத்து கீசருக்கு இழுத்துவிட்டால் வம்பு. பச்சை ஒயர் மிஞ்சினால் எர்த்துக்கு மட்டும் வையுங்கள். கையில் இருக்கிறதே என்று அதில் ஃபேஸ் கொடுத்தால், நாளைக்கு அந்த பாக்ஸைத் திறப்பவர் எர்த் என்று நம்பித் தொடுவார்.

பழைய பைப்பிலிருந்து உருவிய ஒயரை மடக்கிப் பாருங்கள். உறை விறைத்தோ வெடித்தோ இருந்தால், எவ்வளவு நீளமானாலும் அதன் காலம் முடிந்தது. பழைய வீடுகளில் அலுமினிய ஒயர் வரும். அதைக் காப்பரோடு நேரடியாக முறுக்கவே கூடாது. ஈரம் பட்டால் அந்த இடம் அரித்துச் சூடாகும்.

சரி, காயலான் கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பிரித்து வையுங்கள். கலந்து கொடுத்தால் மலிவான உலோகத்தின் விலைதான் கிடைக்கும். ஒரு காந்தமும் பிளேடும் போதும். டிஷ் கேபிளின் நடுக்கம்பி செம்பு நிறத்தில் மின்னும். ஆனால் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே இரும்பு. மலிவான ஸ்பீக்கர் ஒயரைச் சுரண்டினால் பல நேரம் வெள்ளை தெரியும், அது செம்பு பூசிய அலுமினியம். ஹோல்டர், பிளக் பின்னில் பித்தளை இருக்கும், அதைத் தனியாக வையுங்கள்.

இரண்டரை எம்.எம். ஒயர் 10 மீட்டரில் செம்பு மட்டும் சுமார் 220 கிராம் இருக்கும். அதை உரித்துக் கொடுத்தால் ஏதோ லாபம் உண்டு. மெல்லிய சார்ஜர் ஒயரை உட்கார்ந்து உரிப்பது வெட்டி வேலை, உறையோடு கொடுத்துவிடுங்கள்.

உரிக்கச் சோம்பல்பட்டுக் கொளுத்துகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும். ஒயர் உறையில் இருக்கும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பிசினின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் தொண்டையை அறுக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கூடவே டயாக்ஸின் நஞ்சும் வரும். கூட எரிகிற செம்பு அந்த நஞ்சு உருவாவதற்குத் துணை போகிறது. பழைய உறைகளில் ஈயமும் கலந்திருக்கும், அது சாம்பலோடு மண்ணில் தங்கிவிடும். இத்தனைக்கும் எரித்த செம்பு கருத்துப்போய், உரித்த செம்பைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகும். யாருக்காக இந்தப் புகை?

தெருக் கம்பத்தடியில் கிடக்கும் அலுமினியக் கம்பியை மட்டும் சாக்கில் சேர்க்காதீர்கள். முதலில், அதில் கரண்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்து, அது மின்வாரியத்தின் பொருள். 2003 மின்சாரச் சட்டத்தின் 136-ஆவது பிரிவில் அதை எடுப்பது திருட்டு, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. தகவல் சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.